பக்கத்துப் பெட்டி

“ஏனுங்க, உங்க பக்கம் எக்கோ அடிக்குதுங்க. மைக்கைக் கொஞ்சம் பாருங்க” என்றாள் யுவஸ்ரீ.

“மைக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க எரரைப் படிங்க” என்றான் லைனில் தமிழ்ச்செல்வன்.

கோயமுத்தூரில் ‘ங்க’ போடாமல் பேசினால்தான் அதிசயம். ஆனால் இவளிடம் அவன் ‘ங்க’ போட்டுப் பேசுகிறவன் இல்லை. அதுதான் யுவஸ்ரீக்குச் சுருக்கென்று குத்தியது.

“கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுங்க. காலைல இருந்து இதேதான்.”

வால்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்காகச் செய்த புரோகிராம். நாலு மணிக்கு டாக்டர்கள் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது மணி மூன்று. இன்றைக்கு ஓடாவிட்டால் இவளுடைய எட்டு மாத உழைப்பு வேறு டீமுக்குப் போய்விடும் என்று சரவணம்பட்டி ஆபீசிலிருந்து மேனேஜர் சொல்லிவிட்டார்.

புரோகிராம் ஒரு கண்டெய்னரில். நோயாளிகளின் விவரம் இருக்கிற டேட்டாபேஸ் இன்னொரு கண்டெய்னரில். ஒரே மெஷினுக்குள் மூடிவைத்த இரண்டு பெட்டிகள். முதல் பெட்டி இவளுடையது. இரண்டாவது அவன் பொறுப்பு.

“ரெண்டும் ஒரே மெஷின்லதானுங்க ஓடுது. அப்புறம் ஏன் ஒண்ணை ஒண்ணு கண்டுக்கவே மாட்டேங்குது?” அழுகை வந்துவிடும் போலிருந்தது அவளுக்கு.



“ஒரே இடத்துல இருந்தாப் போதுமுங்களா?” என்றான் மெதுவாக. “டேட்டாபேஸ் அட்ரஸ்ல என்ன போட்டிருக்கீங்க?”

“லோக்கல்ஹோஸ்ட்டுங்க.”

“அதானுங்க. அப்படிப் போட்டா ‘நானே’ன்னு அர்த்தம். உங்க பெட்டி தனக்குள்ளயே தேடிப் பார்த்துப்போட்டு, யாருமே இல்லைங்குது.”

பெட்டிக்கும் ரோஷம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“இப்ப ரெண்டையும் ஒரே நெட்வொர்க்ல சேர்த்துப்போட்டேனுங்க” என்றான். “எம்பட பெட்டி பேரு ‘பதிவேடு’. லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துட்டு அந்தப் பேரைப் போடுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வந்துரும்.”

ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். மறுபடி ஓடவிட்டாள். திரையில் நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன.

“கெடைச்சிருச்சுங்க!”

“சரிங்க.”

வேலை முடிந்துவிட்டது. ஆனால் இரண்டு பேரும் லைனைத் துண்டிக்கவில்லை.

“ஏனுங்க... பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதுமுங்களா?”

“போதுமுங்க.” அவன் குரல் ஒருமுறை ஹெட்போனிலும், ஒருமுறை அறைக்கு வெளியிலிருந்துமாக இரண்டு தடவை கேட்டது.

யுவஸ்ரீ ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எழுந்து, ஹாலைக் கடந்து போய், ஒன்பது நாளாகச் சாத்தியே கிடந்த எதிர் அறைக் கதவைத் தட்டினாள்.

“தமிழு, கதவைத் தொற. சோறு ஆறுது” என்றாள், கட்டின புருஷனிடம்.