சம்மதத்தின் வேர்ச்சொல்

"லத்தீன் தெரியாதவனுக்கு என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் லத்தீன் பேராசிரியர் அமிர்தசாமி.

ஞாயிறு மாலை, புத்தூர் வீட்டில், அவர் மகள் பேட்ரிசியா விரும்பிய தைரியராஜ் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"லத்தீன்ல என்ன தெரியும் தம்பி?"

"ஒரே ஒரு வாக்கியம் சார். 'க்வி தாச்செத், கொன்சென்தித்.'"

"அர்த்தம்?"

"பேசாம இருக்கிறவர் ஒத்துக்கிட்டார்னு அர்த்தம்."

"பலே! இங்கிலீஷ் 'கன்சென்ட்'டுக்கு வேரே அந்தக் கடைசி வார்த்தைதான். ரொம்பச் சரியான வாக்கியம். ஆனா ஒத்தை வாக்கியத்துக்குப் பொண்ணு கொடுக்க முடியாது. எனக்குச் சம்மதமில்லை."

"நீங்க காலையிலேயே சம்மதிச்சாச்சு" என்றபடி காபியோடு வந்தாள் மனைவி அக்னஸ்.

"நானா? எங்கே?"

"கோயில்லதாங்க. லத்தீன்ல பூசை நடந்த வரைக்கும் முழிச்சிருந்தீங்க. சாமியார் தமிழ்ல பிரசங்கம் ஆரம்பிச்சதும் வழக்கம்போலத் தூங்கிட்டீங்க. அது முடிஞ்சதும் இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம்னு முதல் ஓலை வாசிச்சார். தடை இருந்தா சொல்லுங்கன்னு கேட்டார். நீங்க வாயே திறக்கலை."

அமிர்தசாமி தைரியராஜைப் பார்த்து முறைத்தார். "இந்த வாக்கியத்தை யார் சொல்லிக் கொடுத்தது?"

"நான்தாம்ப்பா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பேட்ரிசியாவின் குரல் வந்தது. "நான் பேசாம நின்னப்பல்லாம் இதைச் சொல்லித்தானே என்னை எல்லாத்துக்கும் ஒத்துக்க வச்சீங்க!"

அமிர்தசாமிக்குப் பேச்சு வரவில்லை.

"பார்த்தீங்களா தம்பி" என்றாள் அக்னஸ், காபியை நீட்டியபடி. "மறுபடியும் சம்மதிச்சுட்டார்."