உப்பு போட்டேனா?

சாப்பாட்டுக்கடை அடுப்படியில் நின்றபடி காய்ந்த மிளகாய் ஒன்றைக் கடித்து, நிதானமாக மென்றார் லெய் மாஸ்டர். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"உங்களுக்கு நாக்கா, செருப்புத் தோலா மாஸ்டர்?" என்று சிரித்தாள், கிண்ணம் எடுக்க வந்த பரிமாறும் பெண் யான்.

அவரும் சிரித்து வைத்தார். குளிர்காலத்தில், உப்புக் கிணறுகளுக்குப் பேர்போன ஸிகோங் ஊரையே படுக்கப்போட்ட காய்ச்சல், போகும்போது அவர் நாக்கின் ருசியையும் கொண்டுபோயிருந்தது. உப்பு, உறைப்பு எதுவும் தெரியவில்லை. வெறும் கைப்பழக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்தார்.

பயமெல்லாம் முதலாளியம்மா சியோங்கை நினைத்துத்தான். அவள் ருசி பார்க்காமல் சமையலறையை விட்டு ஒரு கிண்ணம் போகாது. உப்பு தூக்கல் என்று ஒரு சமையல்காரரை மதியச் சாப்பாட்டுக்கு நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பியவள். இந்த வயதில் வேறு எந்த அடுப்படி லெய்யைச் சேர்த்துக்கொள்ளும்?

ஆனால் அதிசயமாய், கொஞ்ச நாளாக எதையும் அவள் திருப்பி அனுப்பவில்லை. கை இன்னும் மறக்கவில்லை என்று லெய் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இன்று மதியம் நல்ல கூட்டம். கூடத்தில் சாப்பிடுபவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "இன்னும் காரமா கொண்டாம்மா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மிளகாய் எண்ணெய் மிதக்கும் மீன் குழம்பு தளதளத்தபோது லெய்க்குத் திடீரென்று சந்தேகம். உப்பு போட்டேனா, இல்லையா?

ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். வெந்நீர் மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி உப்பை அள்ளிப் போட்டார்.

சியோங் வந்தாள். உறிஞ்சினாள். லெய் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"பிரமாதம். எடுத்துட்டுப் போ யான்."

போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம்தான். கூடத்திலிருந்து ஒரு குரல் இடியாக விழுந்தது.

"என்னய்யா இது, ஊர்ல இருக்கிற உப்புக் கிணத்தையெல்லாம் இதுலயே கவுத்துட்டீங்களா? மனுஷன் திம்பானா இதை?"

யான் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். பின்னாலேயே சியோங். "நீ போய் அவரைச் சமாதானப்படுத்து" என்று யானை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டாள்.

லெய் இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேடைமேல் வைத்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. காய்ச்சலுக்கப்புறம் எனக்கு ருசியே தெரியல. சொன்னா வேலை போயிடும்னு பயந்து மறைச்சிட்டேன்."

சியோங் கிண்ணத்திலிருந்து இன்னொரு வாய் அள்ளிக் குடித்தாள். சுவரையே வெறித்தாள்.

"மெதுவாப் பேசுங்க மாஸ்டர்... எனக்கும்தான் தெரியல."