முப்பத்தொன்பதாம் தூண்: உள்ளது

பிரதேச சபையின் தெருவிளக்குப் பதிவேட்டில், முப்பத்தொன்பதாம் தூணுக்கு நேரே இலிகிதர் காலிதீன் வருடா வருடம் 'உள்ளது' என்றே எழுதிவந்தார். சுனாமியில் அந்தத் தூணும், அதனடியில் இருந்த அவருடைய வீடும், மனைவி மக்களும் போய் இருபது வருடமாகிறது. நாளை அவருக்கு ஓய்வு. இன்னொருவர் கை வைக்குமுன், காலைப் பத்து மணிக்குத் தாமே சிவப்புப் பேனையால் அந்த வரியை வெட்டினார். மை காயுமுன் தொலைபேசி அடித்தது.

“லைட் திடீரெண்டு நூந்துட்டு. புள்ளைகள் இருட்டுல பயந்து அழுகுதுகள்,” என்றாள் ஒரு பெண்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. “எந்தத் தூண்?” என்று கேட்டார்.

“இதென்ன கேள்வி? நம்மட வீட்டடித் தூண்தான்.”

வெட்டிய வரிக்குக் கீழே அவர் 'உள்ளது' என்று திரும்ப எழுதினார். அந்தப் பக்கம் அழுகை நின்றது.

“ஓம், இப்ப எரியுது. நீங்க எப்ப வாற?”