பழுதில்லாத காணிக்கை

ஆலயத்தைப் பெருக்கும் அக்கா துணி திருடுகிறாள். மாதர் சங்கச் செயலாளரம்மா தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டாள்.

ஆற்றோரத்து வீடுகள் தீப்பிடித்து எரிந்ததில் நாற்பது குடும்பங்கள் மாற்றுத் துணிகூட இல்லாமல் நின்றன. அவர்களுக்காக ஆலயத்துக் கூடத்தில் துணி சேர்த்தார்கள். பொறுப்பு செயலாளரம்மாவுடையது. ஆண்டவருக்கே கொடுப்பதாக நினைத்து, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துக் கொடுங்கள் என்று மூன்று ஞாயிறு தொண்டை வற்ற அறிவித்தவளும் அவள்தான்.

துணி மலையாகக் குவிந்தது. பிரித்துப் பார்த்தால் ஜிப் போன கால்சட்டை, காலர் நைந்த சட்டை, அக்குள் கிழிந்த கவுன். பழசை ஒழிக்க நல்ல சாக்கு கிடைத்தது என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.

"ஆண்டவர்னா இவங்களுக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சு" என்று செயலாளரம்மா புலம்பித் தள்ளினாள்.

அந்தக் குவியலிலிருந்துதான், கூடம் காலியானதும், அக்கா துணிகளை உருவி உருவித் தன் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய் ஒரு பை. வியாழன் இன்னொரு பை.

அங்கேயே கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் சாட்சி வேண்டுமே. செயலாளரம்மா நேரே போதகரிடம் போய் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். விசாரிக்காமல் எதுவும் பேச வேண்டாமே என்று அவர் இழுத்தார். அவள் விடவில்லை. ஆண்டவருடைய பொருளில் கை வைத்தவளிடம் ஆலயச் சாவி இருக்கலாமா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம், இந்தக் காலத்தில் தேவ பயம் எப்படி அற்றுப்போய்விட்டது என்று அவருக்கே ஒரு பிரசங்கம் செய்தாள்.

கதவு திறந்தே கிடந்தது. ஒற்றை அறை. கட்டில் நிறைய அதே துணிகள். துவைத்து, தேய்த்து, ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கியிருந்தது. தையல் மிஷினில் குனிந்திருந்த அக்கா இவர்களைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"கேக்காம எடுத்துட்டு வந்தது தப்புதாங்கய்யா" என்றாள் போதகரிடம். "நாளைக்குப் பெருக்க வரும்போது திரும்ப வச்சிடலாம்னு இருந்தேன். ஆண்டவருக்குன்னு வந்தது கிழிசலோட போறதைப் பாக்க மனசு கேக்கல. குடுக்கறதுக்கு எங்கிட்ட நல்ல துணி இல்ல. தையல் மட்டும்தான் நல்லா வரும்."

போதகர் செயலாளரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

அக்கா மிஷினில் இருந்த சட்டையை எடுத்து விரித்துக் காட்டினாள். நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை.

"இதைப் பாருங்கய்யா. சாயம்கூடப் போகல. ஆனா ஒரு பட்டன்கூட இல்ல. தானா அறுந்து விழுந்ததில்ல, பிளேடு வச்சுப் பக்குவமா எடுத்திருக்காங்க. பாவம், நாலு பட்டன் வாங்கக்கூட வழியில்லாத வீடு போல. அந்தக் கஷ்டத்துலயும் சட்டையை ஆண்டவருக்குக் குடுத்திருக்காங்களே. அவங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டேதான் ஒவ்வொரு பட்டனாத் தைக்கிறேன்."

முகம் தெரியாத அந்த ஏழைக் குடும்பத்துக்காக இங்கேயே ஒரு நிமிடம் ஜெபிப்போம் என்றார் போதகர்.

"அம்மா, நீங்களே ஜெபம் பண்ணுங்க."

செயலாளரம்மா கண்ணை மூடினாள்.

அவள் கணவனுடைய அந்தச் சட்டையின் ஏழு பட்டன்களும் அவள் வீட்டு பிஸ்கட் டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தன.