சிவப்புக் கம்பி போட்ட சத்தம்

வளைவில் கார் சாயாமல் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு கம்பி இருக்கும். ஒரு வீட்டுக் காரில் அந்தப் பழைய ஒல்லிக் கம்பியைக் கழற்றிவிட்டு, ரேஸ் காரிலிருந்து வந்த தடித்த சிவப்புக் கம்பியை மாட்டினார்கள்.

"எந்த வளைவிலும் நான் ஆடினதில்லை, தெரியுமா?" என்றது சிவப்பு.

"நல்லது தம்பி. பின்சீட்டுல பாப்பா தூங்கும், பார்த்துக்கோ," என்றது ஒல்லி. பிறகு பட்டறைச் சுவர் ஆணியில் அது தொங்கியது.

சில நாளில் கார் கடகடவென்ற சத்தத்தோடு திரும்பி வந்தது. மெக்கானிக் சிவப்பைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் கார்க்காரர் பயந்துபோய்ப் பழையதையே மாட்டச் சொன்னார்.

"நல்லாத்தானே இருக்கே, ஏன் சத்தம் போட்டே?" என்று கேட்டது ஒல்லி.

"ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்கினா, மறு சக்கரத்தையும் நான் சேர்த்து இழுத்துடறேன் அண்ணே. வண்டியே குலுங்குது. பாப்பா முழிச்சு முழிச்சு அழறா. நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?"

"அந்தச் சக்கரத்தை மட்டும் இறங்க விட்டுடுவேன்."

"எனக்கு அது வரலை. அதான், என்னைக் கழட்டட்டும்னு வேணும்னே சத்தம் போட்டேன். நீங்க போங்க."

இப்போது சிவப்பு ஆணிக்கு வந்தது. அம்மா மடியில் தூங்கும் பாப்பாவோடு கார் கிளம்பியது. பட்டறை வாசலிலேயே பெரிய பள்ளம் ஒன்று உண்டு. சிவப்பு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

கார் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போனது. அழுகைச் சத்தம் வரவில்லை.

எந்த வளைவிலும் ஆடாத சிவப்பு, ஆணியில் தொட்டில் மாதிரி மெல்ல ஆடியது.