கழுத்துப்பட்டை

ரேடியோவில் செந்தூரனின் குரல் வறண்டு வந்தது. "வண்டி நின்னுபோச்சு, தாரணி. கேன் ஓட்டையாகித் தண்ணியெல்லாம் மண்ணுக்குப் போயிருச்சு. தொட்டி கண்ணு முன்னாடி இருக்கு, மூடி திறக்க மாட்டேங்குது."

அந்த ஆஸ்திரேலியப் பண்ணையில், வீட்டிலிருந்து அவன் நிற்கும் தொட்டிக்குப் போகவே அரை நாள் ஆகும். காட்டு ஒட்டகங்கள் குடித்துத் தீர்த்துவிடாமலிருக்க, கழுத்தில் மின்னணுப் பட்டை கட்டிய பண்ணை மாடு வந்தால் மட்டுமே மூடி திறக்கும்.

"வண்டியில புதுப் பட்டை கிடக்குமே, உங்க கழுத்துல மாட்டுங்க."

"பூட்டிட்டா பட்டிக்கு வந்தாத்தானே கழலும்?"

"வந்து கழட்டிக்கலாம். முதல்ல குடிங்க."

பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். வீட்டிலிருந்த அவன் மனைவி தாரணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் எதிரே இருந்த திரை சிவந்தது. பட்டை அனுப்பிய தகவல் அதில் ஓடியது: புது மாடு ஒன்று, உடம்பில் மாட்டுக்குரிய சூடு இல்லை, நோய். மந்தைக்குப் பரவுமுன் சுட்டுவிட, அந்தப் பக்கம் காவல் சுற்றிய டிரோன் தொட்டியை நோக்கித் திரும்பிவிட்டது.

தடுக்கும் பொத்தானைத் தேடிப் போன கை பாதியில் நின்றது. மனசு கேட்காமல் செந்தூரன் அதை அழுத்தி ஒவ்வொரு நோய் மாட்டையும் காப்பாற்றுகிறான் என்று, போன கோடையில் அந்தப் பொத்தானையே நீக்கச் சொன்னது அவள்தான்.

"என்னங்க, வண்டிக்கு அடியில போங்க!" என்று கத்தினாள். பதிலுக்குத் தண்ணீர் சத்தம்தான் வந்தது.

பிறகு அவன் குரல், தெம்பாக, சிரிப்போடு.

"தாரணி, மேல ஏதோ பறந்து வருது. அதுக்குள்ள எனக்கு உதவி அனுப்பிட்டியா?"