அன்பர் ஒருவர்

"அடியே, கம்போட வர்றாருடி!"

கதவு இடுக்கு வழியாகப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கிசுகிசுத்தாள். தங்கை ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். கீழ்வீட்டுப் பெரியவர் கையில் நீளமான ஒட்டடைக் கம்புடன், மூச்சு வாங்க ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

தங்கை சட்டென்று பின்வாங்கினாள். ப்ளூஸ் என்கிற மேல்நாட்டுச் சோகப் பாட்டைப் பாடி, கூடவே கிட்டாரும் வாசிக்கிற இந்தச் சின்னப் பெண்ணை நாலு பேர் இப்போதுதான் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவளுடைய இரண்டாவது ஆல்பம் அன்று காலையில்தான் வெளிவந்திருந்தது.

இந்த நேரம் பார்த்து வீடு பறிபோனால் கிட்டாரும் கையுமாக எங்கே போய் நிற்பது? அவள் பாடினால் தன் நாய் ஊளையிடுகிறது என்று எதிர்வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு புகார் கொடுத்திருந்தார். "இன்னொரு புகார் வந்துச்சு, பெட்டியைக் கட்டிக்கோங்க" என்று வீட்டுக்காரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கீழ்வீட்டுப் பெரியவர் தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. அவருக்காகக் கம்புதான் பேசும். இவள் கிட்டாரை எடுத்தால் போதும், தன் வீட்டுக் கூரையை, அதாவது இவள் வீட்டுத் தரையை, டொம் டொம்மென்று இடிப்பார். பயந்துபோய் இவள் குரலைத் தணித்தால் இடியும் தணியும். பாட்டு முடிந்தால்தான் நிற்கும்.

"ஆயுசு பூரா லெட்டரைக் குத்தினாரு. இப்போ குத்துறதுக்கு நம்ம தரைதான் கிடைச்சுது" என்பாள் அக்கா. படியில் எதிர்ப்பட்டால் அவர் எதையோ சொல்ல வாயெடுப்பார். அதற்குள் தங்கை தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவாள்.

வினை என்னவென்றால், ஸ்டுடியோவுக்குக் கொடுக்க வக்கில்லாமல் முதல் ஆல்பத்தை அவள் படுக்கையறையிலேயே பதிவு செய்திருந்தாள். ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள். தரைக்கு எதைக் கட்டுவது? பெரியவரின் இடி எல்லாப் பாட்டிலும் பதிந்துவிட்டது.

கேட்டவர்களோ, "அந்த டிரம்தான் உயிரு! யாரு வாசிச்சது?" என்று கொண்டாடித் தீர்த்தார்கள். வாங்கிய திட்டைத் தாளமாக்கி விற்றுவிட்டேன் என்று வெளியே சொல்ல முடியுமா? ஆல்பத்தின் அட்டையில் 'டிரம்ஸ்: அன்பர் ஒருவர்' என்று போட்டாள். பேட்டி எடுக்க வந்தவரிடம், "அவருக்கு ரொம்பக் கூச்ச சுபாவம், வெளியே வரமாட்டாரு" என்று கூசாமல் புளுகினாள்.

இரண்டாவது ஆல்பத்துக்கு ஒரு கம்பெனி கிடைத்தது. மெத்தை தைத்த சுவர், குளுகுளு அறை, சம்பளத்துக்கு டிரம்மர் என்று சகல மரியாதையோடு பதிவு நடந்தது. வீட்டில் கிட்டாரைத் தொட்டே பல வாரங்கள் ஆகியிருந்தன. கீழேயும் சத்தமில்லை.

"அப்புறம் எதுக்குடி இப்போ வர்றாரு?" என்றாள் அக்கா.

"பழைய ஆல்பத்தைக் கேட்டிருப்பாரு. அவரோட இடியை வெச்சுப் பேர் வாங்கினது தெரிஞ்சுபோச்சு. செத்தேன்!"

அக்கா பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். நடுங்குகிறவர்களைச் சமாளித்துப் பழக்கம். "பதறாதே. கிட்டாரைப் பீரோவுல வை. கதவைத் திறந்ததும் கால்ல விழுந்துடு."

"விழுறேன். நான் விழும்போது நீ அந்தக் கம்பைப் பிடிச்சுக்கோ."

டொம்... டொம்.

கம்பாலேயே கதவைத் தட்டினார். தங்கை சாமியைக் கும்பிட்டுக்கொண்டு திறந்தாள்.

"சார், மன்னிச்சுடுங்க சார். இனிமே வீட்ல பாடவே மாட்டேன் சார்!"

"அதான் கொஞ்ச நாளா பாடுறதே இல்லையே" என்றார் அவர்.

"ஆமா சார். எல்லாம் ஸ்டுடியோவுலதான். உங்களுக்கு இனிமே தொந்தரவே இருக்காது."

அவர் முகம் இன்னும் கறுத்தது. "புது ஆல்பம் கேட்டேன். காலையிலேர்ந்து அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"பிடிக்கலையா சார்?"

"பாட்டு பிரமாதம். பின்னாடி தட்டுறானே, அவன் யாரு?"

"கம்பெனி ஏற்பாடு பண்ணின டிரம்மர் சார். பெரிய ஆளு."

"பெரிய ஆளா? கடைசிப் பாட்டுல நீ அழுவுற மாதிரி இழுக்குற பாரு, அந்த இடத்துல அவன் பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுறான். அங்கே கொஞ்சம் நிக்கணும். நீ மூச்சு விட்டதுக்கு அப்புறம்தான் அடிக்கணும்."

அக்கா, கம்பைப் பிடிக்க நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டாள். தங்கை அப்போதுதான் கம்பின் நுனியைப் பார்த்தாள். ஒட்டடை அடிக்கிற துடைப்பத்தைக் காணோம். பழைய காலுறைக்குள் பஞ்சை அடைத்து, உருண்டையாக, இறுக்கிக் கட்டியிருந்தது.

பெரியவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போன ஆல்பத்துல நான் வாசிச்சதுல என்னம்மா குறை கண்டே?"